கொட்டாமல் விட்ட தண்ணீர்

என்னோடு வேலை பார்த்தவள்மேல் எனக்கு இருந்த பொறாமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் ஏதோ சந்தர்ப்பம் அப்படி ஆக்கிவிட்டது என்று படிக்கிறவர்கள் எனக்காகப் பரிந்து பேசக்கூடும். சந்தர்ப்பம் ஒன்றும் செய்யவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். நகராட்சியில் ஒப்பந்த வேலை. நூம்பலுக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே இருக்கிற தெருக்களைப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்க்க வேண்டும், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டைப் பார்க்க வேண்டும், பூந்தொட்டி, பழைய டயர், யாரும் மாவு ஆட்டாத ஆட்டுக்கல்லின் குழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புழு இருந்தால் அங்கேயே கொட்டிக் கவிழ்க்க வேண்டும். கொட்ட முடியாத தண்ணீர் என்றால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீடு.

கேட்க எளிதாக இருக்கிறது. கேட்டைத் திறந்தால்தானே?

எனக்கு யாரும் லேசில் திறக்க மாட்டார்கள். "போன வாரம்தான் பாத்தீங்க", "ஊட்டுல ஆள் இல்ல", "குளிச்சிக்கினு கீறாங்க, அப்பால வா" என்று ஜன்னல் வழியாகவே பதில் வரும். நான் விடுகிற ஆள் இல்லை. கேட்டை டார்ச்சாலேயே தட்டுவேன். அபராதம் போடுவார்கள் என்று மிரட்டுவேன். உள்ளே போய்ப் புழுவைக் கண்டுபிடித்தால், அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவர் மூக்குக்கு நேரே, தண்ணீர் மொண்டு பார்க்கும் கரண்டியை நீட்டி, "இன்னாம்மா இது, கொசுவுக்கு அரிசி பருப்பு போட்டு வளக்கிறியா?" என்று கேட்பேன். தெருவில் எனக்குக் கொசுக்காரம்மா என்று பேர். என் காதில் விழும்படியே சொல்வார்கள்.

அவளை எல்லாரும் அக்கா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. நான் சேர்ந்து நாலு வருஷம் கழித்து வந்தவள், என்னைவிடச் சின்னவள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே நாயைப் பிடித்துக் கட்டுவார்கள். உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வர மாட்டாள். மருமகள் சண்டை, மகனுக்குப் பெண் பார்ப்பது, மூட்டுவலிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாக் கதையையும் கேட்டுக்கொண்டேதான் டார்ச் அடிப்பாள். நான் நாற்பது வீடு முடிக்கும்போது அவள் முப்பதில் இருப்பாள். வேலைக்கு வந்தாளா, சம்பந்தம் பேச வந்தாளா என்று மற்ற பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. வாரக் கூட்டத்தில் சூப்பர்வைசர் எல்லாருடைய நோட்டையும் பிரித்து, யார் தெருவில் எத்தனை வீட்டில் புழு என்று வாசிப்பார். என் தெருக்களில் எப்போதும் ஏழெட்டு வீடாவது இருக்கும். அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நன்றாகத் தேடுகிறேன் என்று. அவள் தெருக்களில் ஒன்று, இரண்டு. சில வாரம் ஒன்றுமே இல்லை. சூப்பர்வைசர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தம்மா தெருவுல இந்த மழைக்கு ஒரு காய்ச்சல் கெடையாது. எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. தேடாமலே சைபர் போட்டுக்கொண்டு வருகிறாள், பேச்சில் மயக்குகிறாள் என்று அன்று முடிவு கட்டினேன். அதை ஆதாரத்தோடு காட்டிவிட வேண்டும் என்றும் முடிவு கட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் வேலையை வேகமாக முடித்துவிட்டு மத்தியானத்தில் அவள் தெருக்களுக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. மறுசோதனை என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். முதல் வீட்டில் ஜன்னலைத் திறந்த அம்மா, "அக்கா அனுப்புனாங்களா? உள்ள வாங்க" என்றார். இரண்டாவது வீட்டிலும் அதேதான். அவள் பேரைச் சொன்னால் எனக்குக் கூடக் கேட் திறந்தது. அந்த எரிச்சலோடே ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. தொட்டிகளுக்கு மூடி இருந்தது, மூடி இல்லாதவற்றுக்குப் பழைய சேலைத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் தட்டுகள் காய்ந்திருந்தன. ஆட்டுக்கல் குழியில் மண்ணைப் போட்டு அடைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கேட்டேன், யார் இதையெல்லாம் செய்தது என்று. "அக்கா செவ்வாக்கெழம வருவாங்க இல்ல, திங்கக்கெழமயே நாங்க கழுவி வச்சிருவோம். அவங்க வந்து குனிஞ்சி பாக்க சொல்ல புழு இருந்தா நமக்குத்தானே அசிங்கம்?" என்றார் அந்தப் பெண். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. நான் புழுவைத் தேடினேன். அவள், தேடினாலும் கிடைக்காதபடி செய்து வைத்திருந்தாள். வீட்டுக்கதை கேட்டதெல்லாம் வேலைதான். அவள் தெருவில் குழந்தைகள் காய்ச்சல் இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள், அதற்கு அவள்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாதபடி போனார்கள். இவ்வளவும் புரிந்தது. புரிந்தால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இரண்டு மடங்கு ஆனது. அவள் ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு அவள் தெருவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், வீட்டில் இல்லை. அம்மா உள்ளே கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்தார். முன்பக்க வராண்டாவில் குடில் கட்டியிருந்தார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை, வைக்கோல் கூரை, தட்டில் கேழ்வரகு முளைக்க விட்டுப் பச்சைப் புல்வெளி. மாதா, சூசையப்பர், ஆடுமாடுகள் எல்லாம் இருந்தன. குழந்தை இயேசுவை இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் வைப்பார்கள் என்பதால் தொட்டில் காலியாக இருந்தது. புல்வெளிக்கு நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசினை மணலில் புதைத்துக் குளம் செய்து, நிஜத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பிளாஸ்டிக் வாத்துகளை மிதக்க விட்டிருந்தார்கள்.

குடிலுக்குப் பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. என் டார்ச்சைப் பார்த்ததும், "ஆன்ட்டி, எங்க கொளத்துல மீன் குட்டி போட்டுகீது, பாக்கிறீங்களா?" என்று கேட்டது.

பார்த்தேன். வாத்துகளுக்கு அடியில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நன்றாக வளர்ந்த புழுக்கள். இரண்டு மூன்று நாளில் கொசுவாகப் பறக்கப் போகும் கூட்டுப்புழுக்களும் காற்புள்ளி மாதிரி வளைந்து மேலே நின்றன. தண்ணீர் ஊற்றிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். உள்ளே எட்டிக் கேட்டேன், அக்கா குடிலைப் பார்த்தாளா என்று. அம்மா கையில் மாவோடு வந்து சொன்னார்: "செருப்பக் கழட்டிட்டு வந்து குடிலக் கும்பிட்டுட்டுப் போனாங்க. சாமி எடம், கை வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எவ்ளோ மரியாத பாருங்க."

அவள் செய்த தப்பு அதுதான். வேறு சாமி என்பதால் கூடுதல் மரியாதை. எங்கள் வேலையில் எந்தச் சாமிக்கும் விலக்கு கிடையாது. கோவில் தெப்பக்குளமானாலும் கரண்டி விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷம் மாதிரி சமீபத்தில் எதற்கும் வந்ததில்லை. கரண்டியைப் பையிலிருந்து எடுத்தேன். பேசினைத் தூக்கி வாசலில் கொட்டினால் அரை நிமிஷ வேலை. கொட்டிவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? நான் சொல்ல, அவள் இல்லை என்று சொல்ல, சூப்பர்வைசர் அவளைத்தான் நம்புவார். அவரே வந்து கண்ணால் பார்க்க வேண்டும். விஷயத்தைச் சொல்லாமல் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு விசாரித்தேன். அவர் ஊருக்குப் போயிருந்தார், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் வருவார். நடுவில் நாலு நாள். அவளுடைய அடுத்த முறையும் அதற்குப் பிறகுதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திரும்பப் பையில் வைத்தேன். குளத்தில் புழு இருப்பதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

"மீன் குட்டி அழகா கீது இல்ல ஆன்ட்டி?" என்றது குழந்தை.

"ஆமா, அழகா கீது. கொட்டிடாத" என்றேன்.

இதை நான் வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்து சொன்னேன். அந்த நாலு நாளும் எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பண்டிகைக்கு மறுநாள் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளையும் வரச் சொல்லியிருந்தார். தொட்டிலில் குழந்தை இயேசு இருந்தார். குளத்தில் புழுக்கள் பாதிக்கு மேல் காணவில்லை. தண்ணீரின்மேல் கூட்டுப்புழுவின் வெற்றுத் தோல்கள் மிதந்தன. பறந்துபோனவை விட்டுச்சென்ற தோல்கள் அவை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வராண்டாவின் மூலையில், மாட்டியிருந்த பள்ளிச் சீருடையின்மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. காலில் டெங்குக் கொசுவின் வெள்ளை வரி இருந்தது.

சூப்பர்வைசர் பேசினைத் தானே தூக்கிப் போய்க் கொட்டினார். பிறகு தெருவில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது? வாராவாரம் வந்து இன்னாத்த பாத்துக்கினு கீற? உன்ன நிக்க வச்சி எல்லாரு முன்னாடியும் பெருமையாப் பேசினேனே, என்னச் சொல்லணும்." பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள், "சாமி கொளம்னு கை வைக்கல சார். தப்புதான்" என்றாள். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "நீ எப்போ பாத்த?" என்று கேட்டார்.

"நேத்து சார்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகு அந்தக் குழந்தை வெளியே வந்து, காலி பேசினைப் பார்த்து அழுதது. என்னைக் கைகாட்டி அவளிடம் முறையிட்டது: "இந்த ஆன்ட்டி கொட்டாதன்னு சொன்னாங்கக்கா. குழந்த இயேசு வர்றதுக்கு முன்னாடியே வந்து பாத்தாங்க. அழகா கீதுன்னு சொன்னாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையில் தேதி எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டு, உள்ளே கொசு மருந்து அடிக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சூப்பர்வைசரிடம் சொல்வாள் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அந்தத் தெரு எனக்கு வந்தது.

வந்து என்ன? புத்தாண்டு சமயத்தில், ஊருக்குப் போய்த் திரும்பிய வாலிபர் ஒருவர் நாலு வீடு தள்ளிக் காய்ச்சலில் படுத்தார். டெங்கு. அந்த வட்டாரம் முழுக்கப் புகை அடித்தோம், வீடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பறந்த கொசு காய்ச்சல்காரரைக் கடித்து, அதன் உடம்பில் கிருமி பெருக எட்டுப் பத்து நாள். அது அடுத்தவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நாலைந்து நாள். பொங்கல் வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, குடில் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அட்டையில் நான்தான் எழுதினேன்.

அந்தக் குளத்துக் கொசுதானா என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. வேறு எங்கிருந்தோ வந்த கொசுவாகவும் இருக்கலாம். இந்த வாதத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்கிய நாள்தான் மோசமான நாள். பிளேட்லெட் சரிந்தது, வயிற்றுவலியில் குழந்தை சுருண்டுகொண்டது, ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டர் இரண்டு நாள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் வேலை முடிந்து போனேன். எனக்கு முன்பே அவள் அங்கே இருந்தாள். இளநீரும் துவைத்த துணியும் கொண்டுவந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் அம்மா வெளியே வந்து அவளைப் பார்த்ததும் கத்தினார்.

"நம்பித்தானே உன்ன ஊட்டுக்குள்ள விட்டோம். செருப்பக் கழட்டிட்டு கும்பிட்டுட்டுப் போனியே, குனிஞ்சி பாத்தியா? இந்தம்மா வந்துதானே கண்டுபிடிச்சாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நொடியில் எனக்கு இனித்தது. அவளை விரட்டிவிட்டு என் கையைப் பிடிக்கிறார்கள் என்று. உள்ளே குழந்தை கிடக்கிற நிலையிலும் அந்த ஒரு நொடி இனித்தது. அடுத்த நொடி கையை உருவிக்கொண்டேன். அவள் இளநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். சொல்லியிருக்கலாம். இவதான் பார்த்துவிட்டுக் கொட்டாமல் விட்டாள் என்று ஒரு வரி போதும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே தெருவைக் கூட்டியிருப்பேன். அவளால் சொல்லாமல் இருக்க முடிந்தது என்பதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

குழந்தை பிழைத்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இளைத்துப்போய், கழுத்து எலும்பு தெரிய வந்து சேர்ந்தது.

நான் அவளைத் தேடி அவளுடைய புது வார்டுக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் யாரும் இல்லை.

"நான் நாலு நாள் முன்னாடியே பாத்தேன்" என்றேன்.

"தெரியும்கா."

"வேணும்னேதான் கொட்டாம விட்டேன். உன்ன மாட்டி விடணும்னு. உன்னப் பாத்தா எனக்கு எப்பவும் வயிறு எரியும்."

"அதுவும் தெரியும்கா" என்றாள். எழுதி முடித்து, பேனாவை மூடிப் பையில் வைத்தாள். "உனக்கு எம்மேலதானே கோவம். என் நோட்ட கிழிச்சிருக்கலாம், என்னப் பத்தி ஆபீஸ்ல எதுனா சொல்லியிருக்கலாம். அந்தக் கொழந்த உன்ன இன்னா பண்ணுச்சி?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நானும்தான் தப்பு பண்ணேன்" என்றாள். "நான் தெரியாம பண்ணேன், திட்டு வாங்கினேன், முடிஞ்சிது. நீ தெரிஞ்சி பண்ணியிருக்கற. அத எங்கிட்ட வந்து சொல்லாத. அந்தம்மாகிட்ட சொல்லு."

அன்றைக்கே சாயங்காலம் போனேன். வேலை நேரம் முடிந்திருந்தது, டார்ச், பை எதுவும் கொண்டுபோகவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்து கேட்டைத் திறந்தார். கொழுந்தனார் கொண்டுவந்த பழம் இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். நான் வெளியேயே நின்று சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பே புழுவைப் பார்த்ததை, அது கொசுப்புழு என்று தெரிந்தே மீன் குட்டி என்று குழந்தைக்கு ஆமாம் போட்டதை, கொட்டாதே என்று சொன்னதை, எல்லாம் அவளை மாட்டிவிடத்தான் என்பதை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடிற்று. மறதி என்றால் மன்னிக்கிற பெண்மணிதான் அவர். சொல்லவில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையை ஓங்கினாலும் நின்றிருப்பேன். அவர் உள்ளே போனார். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். சத்தம் வராமல் மெதுவாகத்தான் போட்டார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது.

"யாரும்மா?"

"யாரும் இல்ல" என்றார் அவர்.